இரண்டாவதாக வந்த படகு

பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்து சேர்ந்த புதிதில், இரவுப் பணியில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பதே எனது வேலை. விளையாட்டுப் பக்கத்தின் அடியில் இரண்டு அங்குல இடம் எஞ்சினால் அதை நிரப்பவும் ஏதாவதொரு சிறு செய்தி தேடவேண்டும். ஒருநாள் டெலிபிரிண்டரில் வந்து விழுந்த தாளில், ஆங்கிலக் கால்வாயில் நடைபெற்ற இயந்திரப் படகுப் பந்தயமொன்றின் முடிவு இருந்தது. முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களின் பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன். மூத்த உதவி ஆசிரியர் சிவப்பு மையினால் இரண்டு பெயர்களை வெட்டிவிட்டார். "முதலாவது வந்தவரைப் போட்டால் போதும் தம்பி. இரண்டாவது வந்தவரை ஆர் கேக்கப் போகினம்?" என்றார்.

அவர் சொன்னது தொழில் முறையில் சரியே. ஆயினும் பின்னாளில் கடற்பந்தயங்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோது அந்தச் சிவப்பு மை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. காரணம், அந்த வரலாற்றின் மிக முக்கியமான படகுகளுள் ஒன்று இரண்டாவதாக வந்த படகாகும்.

இப்பந்தயங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. "டெய்லி மெயில்" பத்திரிகையை நிறுவிய அல்பிரட் ஹாம்ஸ்வேர்த் வழங்கிய கிண்ணத்துக்கான முதலாவது பந்தயம் 1903 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில் நடைபெற்றது. வென்ற படகின் பெயர் நேப்பியர். அதன் வேகம் மணிக்கு 20 மைலைக்கூட எட்டவில்லை. அப்படகின் சுக்கானைப் பிடித்தவர் டொரதி லெவிட் என்ற இளம்பெண் எனப் பல நூல்கள் கூறுகின்றன. உடன் சென்ற கம்பல் முயரும் அதைச் செலுத்தியிருக்கலாம் என்பாரும் உளர். ஆனால் வெற்றியாளராகப் பதிவானவர் படகின் உரிமையாளரான செல்வின் எட்ஜ்! யாருடைய பெயர் நிலைக்கும், யாருடையது மறையும் என்ற கேள்வி முதற்பந்தயத்திலேயே எழுந்துவிட்டது.

துறைமுகத்தின் அமைதியான நீரில் ஓடுவது வேறு, திறந்த கடலில் ஓடுவது வேறு. 1905 ஆம் ஆண்டு அல்ஜியர்ஸிலிருந்து பிரான்சின் துலோன் வரை மத்தியதரைக் கடலைக் கடக்கும் பந்தயத்தில் ஏழு படகுகள் கலந்துகொண்டன. நடுக்கடலில் புயல் வந்தது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்க, அவற்றில் இருந்தோரைக் காவலுக்குச் சென்ற கப்பல்கள் காப்பாற்றின. இரண்டு மாதங்களின் பின்னர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட கமில் து காஸ்ட் அம்மையாரின் படகும் கடலுக்கு அடியிலேயே கிடந்தது.

அதன் பின்னர் பல பத்தாண்டுகளாக வேகத்தை நாடியவர்கள் ஆறுகளையும் ஏரிகளையுமே தேடிச் சென்றனர். 1932 இல் அமெரிக்கரான கார் வுட், நான்கு பக்கார்ட் இயந்திரங்கள் பூட்டிய தமது படகை மணிக்கு 124 மைலுக்கும் கூடிய வேகத்தில் செலுத்தினார். அது மிச்சிகன் மாநிலத்தின் தட்டையான ஆற்றுநீரில் நிகழ்ந்த சாதனை. அலையுள்ள கடலிலோ அத்தகைய படகுகள் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடித்திரா.

திறந்த கடலுக்கு மீண்டும் பந்தயத்தைக் கொண்டுவந்தது 1956 இல் தொடங்கிய மியாமி - நசாவு போட்டியாகும். புளோரிடாவின் மியாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளின் தலைநகர் வரை ஏறக்குறைய 180 மைல். இடையில் வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கிப் பெருக்கெடுத்து ஓடுகிறது. எதிரே வடகாற்று வீசினால் அலைகள் செங்குத்தாக எழும். முதற்போட்டியில் வென்ற சாம் கிரிபித் எடுத்துக்கொண்ட நேரம் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல். சராசரி வேகம் மணிக்கு 20 மைலுக்குக் கிட்ட. அதாவது, 1903 இன் நேப்பியரின் வேகமே! அரை நூற்றாண்டில் இயந்திரங்கள் எவ்வளவோ வளர்ந்திருந்தும் கடல் அவற்றை முன்னேற விடவில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, படகின் அடிப்பாகம். அக்கால வேகப் படகுகளின் அணியம் கூராக இருந்தாலும் பின்புறத்தை நெருங்க நெருங்க அடிப்பாகம் தட்டையாகிவிடும். அமைதியான நீரில் இது நல்லது, படகு விரைவாக நீரின்மேல் எழுந்து ஓடும். அலையில் எழும்பி விழும்போதோ முழுத் தட்டையும் நீரில் அறையும். பலகைகள் பிளக்கும், ஓட்டுபவரின் முதுகெலும்பும் தப்பாது.

இரண்டாவது, இயந்திரத்தின் ஆற்றலை நீருக்குக் கொண்டுசெல்லும் வழி. உள்ளிணைப்பு இயந்திரத்தில் நீண்ட தண்டொன்று படகின் அடியைத் துளைத்துச் சரிவாக இறங்கும். அதன் முனையில் புரொப்பெல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். சரிவினால் உந்துவிசையின் ஒரு பகுதி வீணாகும். ஆழங்குறைந்த இடத்தில் தரை தட்டினால் எல்லாம் உடையும். வெளியிணைப்பு இயந்திரத்தை நம் கரையோர மக்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதைத் திருப்பினால் படகு திரும்பும், கரை வந்ததும் உயர்த்திவிடலாம். ஆனால் அக்காலத்தில் அதன் வலு குறைவு, பெற்றோல் தாகம் அதிகம்.

இவ்விரண்டு சிக்கல்களுக்கும் விடை ஏறத்தாழ ஒரே காலத்தில் கிடைத்தது.

முதலாவதற்கு விடை தந்தவர் மசாசூசெட்ஸைச் சேர்ந்த ரேமண்ட் ஹன்ட். கூரான "V" வடிவத்தை அணியத்தோடு நிறுத்தாமல், ஏறத்தாழ 24 பாகைச் சரிவுடன் பின்புறம் வரை அவர் கொண்டுசென்றார். அடிப்பாகத்தில் நெடுகிலும் மெல்லிய சட்டங்களைப் பொருத்தி, நீரை ஒதுக்கிப் படகை எழச் செய்தார். 1958 இல் நியூபோர்ட்டில் அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் போட்டிக்கான தெரிவு நடந்தபோது, ஹன்ட்டின் சிறு படகொன்று கொந்தளித்த கடலில் அநாயாசமாக ஓடியதை டிக் பேர்ட்ரம் என்ற படகு வணிகர் கண்டார். உடனே தமக்கும் 30 அடியில் ஒன்றை வரைந்து தருமாறு கேட்டார். அதற்குத் தம் மனைவியின் செல்லப் பெயரை வைத்தார். அதுவே மொப்பி.

இரண்டாவதற்கு விடை தந்தவர் யார் என்பதில்தான் சிக்கல். ஜிம் வின், சார்ள்ஸ் ஸ்ட்ராங் ஆகிய இருவரும் எம்.ஐ.ரி. தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து வந்த நண்பர்கள். கார்ல் கீக்ஹேஃபர் என்ற கண்டிப்பான முதலாளியின் மேர்க்குரி இயந்திர நிறுவனத்தில் இருவரும் பணிபுரிந்தனர். இயந்திரம் உள்ளே இருக்கட்டும், காலை மட்டும் படகின் பின்சுவருக்கு வெளியே தொங்கவிடுவோம் என்பதே அந்த யோசனை. இயந்திரத்தின் தண்டு பின்சுவரைக் கடந்து, கீழ்நோக்கித் திரும்பி, மீண்டும் பின்நோக்கித் திரும்பிப் புரொப்பெல்லரைச் சுழற்றும். நடுவே உள்ள இரட்டை மூட்டுகளினால் காலை இடம் வலமாகத் திருப்பலாம், மேலே தூக்கவும் செய்யலாம். கார் இயந்திரத்தின் வலுவும் வெளியிணைப்பின் வசதியும் ஒன்றாகின்றன. இவ்வெண்ணம் முதலில் ஸ்ட்ராங்கின் மனத்திலேயே முளைத்தது என்றும் முதலாளி அதை ஏற்கவில்லை என்றும் பின்னாளில் தெரியவந்தது.

1958 இல் வின் அந்த நிறுவனத்தை விட்டு விலகி, மியாமியில் பெற்றோர் வீட்டுக் கார்க்கொட்டகையில் முன்மாதிரியைச் செய்தார். அதே ஆண்டு ஓலே பொட்வெட் என்ற டென்மார்க்காரருடன் சேர்ந்து, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகில் கோப்பன்ஹேகனிலிருந்து நியூயோர்க் வரை அத்திலாந்திக்கைக் கடந்தார். அக்காலத்தில் ஏற்பட்ட தொடர்பின் பயனாக, சுவீடனின் வொல்வோ பென்ரா நிறுவனத் தலைவர் ஹெரால்ட் விக்லுண்ட் அவருடைய யோசனையை வாங்க உடன்பட்டார். 1959 ஜனவரியில், நியூயோர்க் படகுக் கண்காட்சியில், 80 குதிரை வலுவுள்ள இயந்திரத்துடன் "அக்குவாமற்றிக்" அறிமுகமானது. காப்புரிமை வின்னின் பெயரில். ஸ்ட்ராங்கோ இன்னமும் மேர்க்குரியின் ஊழியர், வாய் திறக்க இயலாத நிலை.

இனி 1960 ஏப்ரலுக்கு வருவோம். அவ்வாண்டு மியாமி - நசாவு போட்டியன்று எட்டு அடி உயர அலைகள். பேர்ட்ரமும் சாம் கிரிபித்தும் செலுத்திய மொப்பி எட்டு மணித்தியாலத்தில் நசாவுவை அடைந்து புதிய சாதனை நிலைநாட்டியது. மூன்றாவது படகு வந்து சேர்ந்தது மறுநாள்! இடையில், மொப்பி வந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கழித்து வந்தது ஒரேயொரு படகு. அதுவே அக்குவா ஹன்ரர். நீளம் சுமார் 23 அடி. அடிப்பாகம் ஹன்ட்டின் வடிவம். செலுத்தியவர் ஜிம் வின். பின்சுவரில் தொங்கியவை வொல்வோவின் புதிய கால்கள்.

வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். மொப்பியின் அடிப்பாகம் புதியது, ஆனால் அதனுள் இருந்தவை பழைய முறையில் பூட்டிய பெரிய லிங்கன் இயந்திரங்கள். புதிய அடிப்பாகமும் புதிய உந்துமுறையும் ஒன்றுசேர்ந்திருந்தது இரண்டாவதாக வந்த படகிலேயே. பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய குடும்பப் படகு, பந்தயப் படகு, காவற்படகு ஆகியவற்றுள் எண்ணற்றவை அக்குவா ஹன்ரரின் வழிவந்தவை. பெரும் புகழோ மொப்பிக்குரியதாயிற்று. அம்மரப் படகையே அச்சாக வைத்துக் கண்ணாடியிழையில் வார்க்கப்பட்ட 31 அடிப் படகு 1961 இல் விற்பனைக்கு வந்து பேர்ட்ரத்தின் பெயரை நிலைநிறுத்தியது.

அடிப்பாகத்தை வரைந்த ஹன்ட்டுக்குக் கிடைத்தது என்ன? அவருடைய காப்புரிமை நீதிமன்றத்தில் நிலைக்கவில்லை. யாரும் கட்டலாம் என்றாயிற்று, எல்லோரும் கட்டினர். உந்துமுறையை முன்னர் ஏற்காத கீக்ஹேஃபரின் நிறுவனமும் 1961 இல் "மேர்குரூசர்" என்ற பெயரில் அதையே செய்து சந்தையைப் பிடித்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. ஸ்ட்ராங் பிற்காலத்தில் போட்டி நிறுவனமொன்றின் தலைவராக உயர்ந்தார். அந்த யோசனையின் மூலம் தாமே என்பதை வெகுகாலம் கழித்தே வெளிப்படுத்தினார். வின்னும் வெறும் பெயர் கொடுத்தவர் அல்லர். செய்து காட்டியவர் அவரே. 1964 இலும் 1966 இலும் கடற்பந்தய உலகச் சாம்பியனாகவும் விளங்கினார்.

இவ்வலை ஐரோப்பாவுக்கும் சென்றது. அங்கும் ஒரு பத்திரிகை முதலாளியே முன்னின்றார். "டெய்லி எக்ஸ்பிரஸ்" பத்திரிகையின் சேர் மக்ஸ் எய்ட்கின் 1961 ஓகஸ்டில் கௌஸ் - டோர்கி பந்தயத்தை ஆரம்பித்து வைத்தார். 1963 இல் அதை வென்றவர் ரெனாட்டோ "சன்னி" லெவி. கராச்சியில் 1926 இல் பிறந்த இவர், பம்பாயில் தம் தந்தையின் படகுத் துறையில் தொழில் பழகியவர். ஆழமான "V" வடிவை ஹன்ட்டைப் போலவே தம் வழியில் தேடிக் கண்டவர். புரொப்பெல்லரின் பாதி நீருக்குள், பாதி நீருக்கு மேல் என்ற உந்துமுறையையும் அவர் செம்மைப்படுத்தினார். அதுவும் முற்றிலும் புதியதன்று. 1910 களிலேயே அல்பேர்ட் ஹிக்மன் என்ற கனடாக்காரர் அதைச் செய்து காட்டியிருந்தார்.

பாதி நீரில் சுழலும் இந்தப் புரொப்பெல்லரை ஹவார்ட் ஆர்னசன் என்ற அமெரிக்கர் 1980 களில் பெரும் படகுகளுக்கும் ஏற்றதாக்கினார். இஸ்ரேலில் கட்டப்பட்டு இலங்கைக் கடற்படைக்கு வந்த சுப்பர் டோரா வேகத் தாக்குதற் படகுகள் அவருடைய உந்துமுறையைக் கொண்டவை. பந்தய மைதானத்தில் வளர்ந்த நுட்பம் எங்கள் கடலுக்கு விளையாட்டாக வரவில்லை. போர்க்காலத்தில் வடக்குக் கிழக்குக் கரைகளில் வாழ்ந்தோருக்கு அந்த இயந்திரங்களின் ஓசை எதை உணர்த்தியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த மூத்த உதவி ஆசிரியர் இன்று இல்லை. அவரிடம் கற்றவையே என் தொழிலின் அடித்தளம். இருந்தும் அவர் அன்று கேட்ட கேள்விக்கு ஒரு விடையைக் காலந்தாழ்த்தியேனும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டாவது வந்தவரைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஐயா. செய்தி முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் அவர்கள் வருகிறார்கள். அவ்வேளையில் பெயர் தாளில் இருக்க வேண்டும்.