விமான நிலையத்தில் செயலி வாடகைக் கார்: எப்போது பதிவு செய்வது, எவற்றைச் சரிபார்ப்பது?

விமானம் தரையிறங்கி, கைப்பேசிக்கு உயிர் வந்தவுடன் வாடகைக் காரைப் பதிவு செய்வது பயணிகள் பலரின் வழக்கம். பெட்டி கைக்கு வருவதற்குள் கார் வந்துவிடுகிறது. இலவசக் காத்திருப்பு நேரம் முடிந்து பதிவு ரத்தாகிறது. அதற்கான கட்டணமும் பயணியின் கணக்கில் சேர்கிறது. விமான நிலையங்களில் செயலிகள் கார்களை ஒதுக்கும் முறையை அறிந்துகொண்டால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

ஓட்டுநர்களின் வரிசை

நகருக்குள் பயணிக்கு அருகில் உள்ள காரைச் செயலி தேடித் தருகிறது. நெரிசல் மிகுந்த விமான நிலையங்களில் நடைமுறை வேறு. ஊபர், ஓலா போன்ற நிறுவனங்களின் கார்கள் முனைய வாசலில் நிற்க முடியாது என்பதால், அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் காத்திருக்கின்றன. அந்த எல்லைக்குள் கார் நுழைந்ததும் செயலி அதை வரிசையில் சேர்க்கிறது. முதலில் வந்தவருக்கே முதல் சவாரி.

நெடுநேரம் காத்திருந்து கிடைத்த சவாரி, பயணி வராததால் ரத்தானால் ஓட்டுநருக்கு நேரமும் வருவாயும் வீணாகின்றன. குறுகிய தூரச் சவாரிகளை ஓட்டுநர்கள் தவிர்க்க முயல்வதற்கும் இந்தக் காத்திருப்பே முக்கியக் காரணம்.

பதிவு செய்ய உகந்த நேரம்

பெட்டிகளைப் பெற்றுக்கொண்டு, ஏறுமிடத்தை அடைந்த பின்னர் பதிவு செய்வதே நல்லது. சில விமான நிலையங்களில் குறிப்பிட்ட கார் முன்கூட்டியே ஒதுக்கப்படுவதில்லை. பயணிக்கு ஓர் எண் வழங்கப்படும். வரிசையில் முதலில் நிற்கும் காரின் ஓட்டுநரிடம் அதைத் தெரிவித்து ஏறிக்கொள்ளலாம்.

எந்த முனையம், எந்தத் தளம்?

பெங்களூரு கெம்பேகௌடா சர்வதேச விமான நிலையத்தில் இரண்டு முனையங்கள் உள்ளன. தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையத்தில் உள்ள மூன்று முனையங்களில், முதலாவது முனையம் மற்ற இரண்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது. செயலியில் முனையத்தைத் தவறாகத் தேர்வு செய்தால், கார் வேறு முனையத்துக்குச் சென்றுவிடும்.

வருகைப் பகுதியும் புறப்பாட்டுப் பகுதியும் மேலும் கீழுமாக அமைந்த முனையங்களில், வரைபடத்தில் இரண்டும் ஒரே புள்ளியாகவே தெரியும். கான்கிரீட் கூரையின் கீழ் செயற்கைக்கோள் சமிக்ஞையும் துல்லியமாகக் கிடைப்பதில்லை. எனவே, தளத்தையும் அருகிலுள்ள தூண் அல்லது வாயில் எண்ணையும் ஓட்டுநருக்குத் தெரிவிப்பது பயன்தரும்.

கட்டண விதிகள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, தேவை அதிகரிக்கும் நேரங்களில் அடிப்படைக் கட்டணத்தைப் போல் இரு மடங்கு வரை வசூலிக்கலாம். 2020ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இந்த வரம்பு ஒன்றரை மடங்காக இருந்தது. தக்க காரணமின்றிச் சவாரியை ரத்து செய்தால், கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய், அபராதம் விதிக்கலாம். இது பயணிக்கும் ஓட்டுநருக்கும் பொருந்தும். இவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநில அரசுகளுடையது.

கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிப்பின்படி, 10 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள கார்களுக்கு முதல் 4 கி.மீ.க்கு 100 ரூபாயும், அடுத்த ஒவ்வொரு கி.மீ.க்கும் 24 ரூபாயும் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டது. இந்தக் கணக்கில் 35 கி.மீ. பயணத்துக்கு 844 ரூபாய் ஆகும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை 10 சதவீதம் கூடுதல். சரக்கு மற்றும் சேவை வரியும் சுங்கக் கட்டணமும் தனி.

ஏறும் முன் சரிபார்க்க வேண்டியவை

வாடகைக் கார்களுக்கு மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துகள் கொண்ட பதிவெண் பலகை இருக்கும். மின்சார வாடகைக் கார்களில் பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள் இருக்கும். வெள்ளைப் பலகை கொண்ட கார் தனிப்பட்ட பயன்பாட்டுக்கானது. பதிவெண்ணும் ஓட்டுநரின் புகைப்படமும் செயலியில் உள்ளவற்றுடன் பொருந்திய பின்னரே ஒருமுறைக் கடவு எண்ணைத் தெரிவிக்க வேண்டும்.

"பதிவை ரத்து செய்துவிட்டுப் பணமாகக் கொடுங்கள்" என்று ஓட்டுநர் கேட்டால் உடன்படக் கூடாது. ரத்தான பயணத்தின் தடம் செயலியில் பதிவாகாது. அவசர உதவிப் பொத்தானும் பயன்படாமல் போகலாம். ஆபத்து நேர்ந்தால் 112 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணப் புகாருக்குச் செயலியில் தீர்வு கிடைக்காவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி மைய எண் 1915-ஐத் தொடர்பு கொள்ளலாம். பதிவின்போது காட்டப்பட்ட கட்டணத்தைத் திரைப்பதிவாக வைத்திருப்பது புகாருக்கு உதவும்.

கார் கிடைக்காதபோது

பெங்களூரு விமான நிலையத்திலிருந்து நகரின் பல பகுதிகளுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 'வாயு வஜ்ரா' பேருந்துகள் இயங்குகின்றன. தில்லியில் மூன்றாம் முனையத்திலிருந்து புது தில்லி ரயில் நிலையத்துக்கு விமான நிலைய விரைவு மெட்ரோவில் செல்லலாம். நள்ளிரவுக்குப் பின் வந்திறங்குவோர், அதிகாலையில் முதல் ரயில் புறப்படும் வரை காத்திருக்க நேரும்.