சந்தடியற்ற சாலை

பன்னிரண்டு வயதில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, எதிரே பஸ்ஸோ லாரியோ வராத ஒரு சாலையில் மனம் போனபடி மிதிக்க வேண்டும் என்பதுதான் அது. வாடகைச் சைக்கிள் கிடைத்தது. பஸ் வராத சாலைதான் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் கழித்து, கடல் கடந்து போய், இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைகளுக்கு நடுவே அந்த ஆசை நிறைவேறியது.

என் சிற்றப்பா மகன் ஷெஃபீல்டு நகரில் டாக்டராக இருக்கிறான். "அண்ணா, ஞாயிற்றுக்கிழமை உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். அங்கே மோட்டார் சத்தமே கேட்காது" என்றான். டெர்வென்ட் பள்ளத்தாக்கில் ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்தில் இறங்கினோம். அங்கேயும் வாடகைச் சைக்கிள்! சனி, ஞாயிறுகளிலும் பொது விடுமுறை நாட்களிலும் அதற்கு அப்பால் மோட்டார்களை விடுவதில்லை. சுமார் 10 மைல் சுற்று. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பைன் மரக் காடு. சக்கரம் உருளும் ஓசையையும் பறவைக் குரலையும் தவிர வேறு சத்தம் இல்லை.

"இவ்வளவு அமைதி எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"அமைதியாக வரவில்லை, அண்ணா" என்றான் அவன்.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அங்கே மூன்று ஏரிகள் படிக்கட்டுப் போல ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே ஹவுடன், நடுவே டெர்வென்ட், கீழே லேடிபவர். மூன்றும் மனிதன் உண்டாக்கியவை. டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய நான்கு நகரங்களின் தாகத்துக்காக 1899-இல் பார்லிமெண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். நீரில் அழுக்குச் சேரக் கூடாது என்று பக்கத்துப் பண்ணை வீடுகள் பலவற்றைக் காலி செய்தார்கள். சரிவுகளில் மரம் நட்டார்கள். இன்று நாம் இயற்கை என்று வியக்கும் காட்டில் பெரும் பகுதி, நீர்வாரியம் வரிசை பிடித்து வைத்த காடு. சாலையும் மலைக்குள் போய் முடிந்துவிடுகிறது. அப்பால் போய்ச் சேர ஊர் எதுவும் இல்லை.

முதல் மேட்டை மூச்சு வாங்க ஏறினால் டெர்வென்ட் அணை. 110 அடிக்கு மேல் உயரம். கோட்டையைப் போல இரண்டு கோபுரங்கள். 1943-இல் ஆங்கிலேய விமானப் படையின் 617-ஆவது பிரிவு, ஜெர்மனியின் அணைகளை உடைப்பதற்கு முன் இந்த நீரின் மேல்தான் தாழப் பறந்து பழகியது. அந்தச் சாகசத்தைப் பற்றி 1955-இல் வந்த சினிமாவின் சில காட்சிகளையும் இங்கேயே எடுத்தார்கள். மே மாதம் ஓர் இரவில் மோனே அணை உடைந்தபோது வெள்ளத்தில் மாண்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். அவர்களில் மிகப் பலர் ஜெர்மானியர்களே அல்லர். அயல்நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட கட்டாயத் தொழிலாளிகளும் கைதிகளும். சினிமா வீரர்களை நினைவில் வைத்தது. இவர்களை நினைக்க யார் இருந்தார்கள்?

அணையின் மேற்குக் கோடியில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது. மனிதருக்கு அல்ல, டிப் என்ற நாய்க்கு. 1953 டிசம்பரில் முதிய இடையர் ஒருவர் இந்த மலைக்குப் போனவர் திரும்பவில்லை. 15 வாரம் கழித்து அவருடைய உடலைக் கண்டார்கள். பனியிலும் பசியிலும் அந்த நாய் பக்கத்திலேயே காத்துக் கிடந்தது, உயிரோடு. கல்லைப் படித்துவிட்டு நானும் தம்பியும் சிறிது தூரம் பேசாமலே மிதித்தோம்.

பிறகு ஓரிடத்தில் அவன் சைக்கிளை நிறுத்தி, "இதோ ஒரு நகரம்" என்றான். மரங்களைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உற்றுப் பார்த்த பிறகுதான், சரிவில் படி படியாக வெட்டிச் சமன் செய்த நிலம் கண்ணில் பட்டது.

அதுதான் பர்ச்சின்லீ. ஜனங்கள் வைத்த பெயர் 'தகர நகரம்'. ஹவுடன் அணை வேலை 1901-இலும் டெர்வென்ட் அணை வேலை 1902-இலும் தொடங்கின. வந்த கூலியாட்கள் மண் குடிசைகளில் நோயோடு கிடக்க வேண்டாம் என்று, நெளிதகடு வேய்ந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சுமார் ஆயிரம் பேர் அங்கே குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைகள், மதுக்கடை, தபால் ஆபீஸ், பொழுதுபோக்கு மண்டபம் எல்லாம் இருந்தன. பாம்ஃபோர்டிலிருந்து தனி ரயில் பாதை போட்டு, போல் ஹில் குன்றை உடைத்து, 10 லட்சம் டன்னுக்கு மேல் கல்லைக் கொண்டு வந்து அடுக்கினார்கள். 1912-இல் ஹவுடன் முடிந்தது, 1916-இல் டெர்வென்ட். வேலை முடியவே தகரத்தைக் கழற்றி விற்றுவிட்டார்கள். ஒரு கொட்டகை மட்டும் ஹோப் என்ற கிராமத்துக்குப் போய், பிற்காலத்தில் சிகையலங்காரக் கடையாயிற்று.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி படித்த குழந்தைக்குச் சொந்த ஊர் எது? அது வளர்ந்து, தன் குழந்தைக்குக் காட்டலாம் என்று வந்தால் காட்ட என்ன இருக்கிறது?

மேல் ஏரியின் தலைமாட்டைத் தாண்டி, கரடுமுரடான பாதையில் போனால் 'வழுக்குப் பாறை' என்று பொருள்படும் பெயருள்ள இடம். அங்கே நீரோடையின் மேல் ஒரு சிறு கல் பாலம். பொதி சுமக்கும் குதிரை ஒன்று போகத்தான் அகலம். ஆனால் அது அந்த இடத்துப் பாலம் அல்ல. கீழே டெர்வென்ட் கிராமத்தில் இருந்த பாலம். லேடிபவர் ஏரிக்காக அந்தக் கிராமத்தையும் ஆஷாப்டன் கிராமத்தையும் நீருக்குக் கொடுக்க நேர்ந்தபோது, பாலத்தின் கற்களுக்கு ஒவ்வொன்றாய் எண் இட்டுப் பிரித்து எடுத்து வைத்தார்கள். 1959-இல் இங்கே பழையபடி கட்டினார்கள். கல்லுக்கு எண் இட்டால் பாலம் மீண்டும் எழுந்துவிடுகிறது. ஊருக்கு அப்படிச் செய்ய வழி இல்லை.

கிழக்குக் கரை வழியாகத் திரும்பி, ஃபேர்ஹோம்ஸைக் கடந்து இன்னும் சிறிது தெற்கே சென்றோம். டெர்வென்ட் கிராமம் இருந்த இடம் வந்தது. ஏரி நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில் டெர்வென்ட் ஹால் என்ற பழைய மாளிகையின் அடித்தளம் இருக்கிறது. 1932-இல் அதை இளைஞர் விடுதியாக்கியிருந்தார்கள். வாரம் முழுவதும் தொழிற்சாலைப் புகையில் வெந்தவர்கள் கால்நடையாகவும் சைக்கிளிலும் இந்த மலைகளுக்கு வந்த காலம் அது. மலையின் பெரும் பகுதி பணக்காரர்கள் பறவை சுடும் காடு. மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. அதே 1932 ஏப்ரலில், பக்கத்துக் கிண்டர் மலையில் தடையை மீறி ஏறியதன் விளைவாக ஐந்து வாலிபர்கள் சிறை சென்றார்கள். 1951-இல் இந்தப் பிரதேசம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. நான் பயமின்றிச் சைக்கிள் விட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

லேடிபவர் அணை வேலை 1935-இல் தொடங்கியது. 1943-இல் டெர்வென்ட் மாதா கோயிலில் கடைசிப் பிரார்த்தனை நடந்தது. கல்லறைத் தோட்டத்தில் உறங்கியவர்களைக்கூடத் தோண்டி எடுத்துப் பாம்ஃபோர்டில் மறுபடி புதைத்தார்கள். 1945 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து ஏரியைத் திறந்து வைத்தார். கோயிலின் ஊசிக் கோபுரத்தை மட்டும் நினைவுக்காக விட்டு வைத்தார்கள். நீர் தாழ்ந்தபோதெல்லாம் அது தலை நீட்டியது. அதை நோக்கி நீந்திப் போனவர்களுக்கு ஆபத்து நேரும் என்று 1947-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கடும் வறட்சியில், 2018-இல் நேர்ந்ததைப் போல, கிராமத்தின் இடிபாடு வெளியே வரும். ஜனங்கள் கூட்டம் கூட்டமாய்ப் பார்க்கப் போவார்கள்.

மூழ்கிய ஊருக்காவது இரங்க ஆள் உண்டு. அணையைக் கட்டியவர்களின் ஊருக்கு? எந்த வறட்சியிலும் தகர நகரம் தலை நீட்டுவதில்லை. அது நீரில் முழுகவில்லையே. வேலை தீர்ந்து போயிற்று, அவ்வளவுதான்.

"நகரங்களுக்குத் தண்ணீர் வேண்டாமா, அண்ணா?" என்றான் தம்பி. வேண்டும்தான். அதை மறுக்க என்னால் முடியவில்லை.

மாலையில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். சின்ன வயதில் நேரம் தாண்டிவிட்டதோ என்று கடைக்காரரைப் பயந்து பார்ப்பேனே, அந்தப் பார்வையோடுதான் இறங்கினேன். இரவு ஷெஃபீல்டில் என் தம்பி மனைவி காப்பிக்காகக் குழாயைத் திறந்தாள். பாத்திரம் நிரம்பி வழிந்தது. அவள் வேறு எதையோ கவனித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்க் குழாயை இறுக மூடிவிட்டு வந்தேன்.