ரஹீம் சாயபின் படை – 14: மூவரில் ஒருவர்

இந்த வாரம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் கால்பந்து இறுதியாட்டம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பலராமைத் தாண்டி அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.

துளசிதாஸ் பலராம் செகந்தராபாத்தை ஒட்டிய அம்முகூடாவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. வீட்டில் வசதி கிடையாது. போலீஸ்காரர் கழித்துப்போட்ட பூட்ஸைச் செப்பனிட்டு மாட்டிக்கொண்டு ஆடியவர். பயிற்சிக்கு வந்துபோக சைக்கிள் வாடகைக் காசைப் பயிற்சியாளர் ரஹீம் சாயபே கொடுத்தார். ஹைதராபாத் அணி அடுத்தடுத்து இரண்டு முறை சந்தோஷ் டிராபியை வென்ற கதையை முன்பே பார்த்தோம். அதில் முதல் வெற்றியில் பலராமும் இருந்தார். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக். மறு வருஷம் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால்.

அங்கேதான் சிக்கல். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் என்று மூன்று பெயரையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். ஆனால் புகழைப் பங்கு வைத்தபோது மூன்றாமவருக்குச் சட்டியின் அடிதான் மிஞ்சியது. சுனி மோகன் பகானின் செல்லப் பிள்ளை. பார்க்க சினிமா நடிகர் மாதிரி இருப்பார். வங்காளத்துக்கு ரஞ்சி கிரிக்கெட்டும் ஆடினார். பி.கே. பிற்காலத்தில் பெரிய பயிற்சியாளர், பேச்சாலேயே ஆளைக் கட்டிப்போடுவார். பலராமோ வெளியூர்க்காரர், அதிகம் பேசாதவர்.

கணக்கை மட்டும் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்தது மொத்தம் 3 கோல். பிரான்சுக்கு எதிராக பி.கே. ஒன்று அடித்தார். மற்ற இரண்டும் பலராமுடையவை. அதில் ஒன்று ஹங்கேரிக்கு எதிராக. அந்த ஹங்கேரி அணியில் ஆடிய ஃப்ளோரியான் ஆல்பர்ட்தான் பின்னால், 1967இல், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வாங்கியவர். அப்படிப்பட்ட அணியிடம் நாம் தோற்றது 1–2 என்றுதான். என்னைக் கேட்டால், மூவரில் பந்தை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர் பலராம்தான். விங்கிலும் ஆடுவார், உள்ளே வந்தும் ஆடுவார், கோலும் போடுவார், அடுத்தவருக்குப் பந்தும் எடுத்துக்கொடுப்பார். வங்காள நண்பர்கள் சண்டைக்கு வரட்டும்.

1961இல் ஈஸ்ட் பெங்காலுக்குத் தலைவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்துக்கு எதிராக ஒரு கோல், ஜப்பானுக்கு எதிராக இன்னொன்று. 1963இல் நுரையீரல் நோய். முப்பதைத் தொடுமுன்பே ஆட்டம் முடிந்தது.

அர்ஜுனா விருது மூவருக்கும் கிடைத்தது: 1961இல் பி.கே.வுக்கு, 1962இல் பலராமுக்கு, 1963இல் சுனிக்கு. பத்மஸ்ரீ சுனிக்கு 1983இல், பி.கே.வுக்கு 1990இல். பலராமுக்கு அது வரவே இல்லை. அந்த வருத்தத்தை அவர் மறைத்ததும் இல்லை. யார் பெயரை யார் பரிந்துரைக்க மறந்தார்கள் என்று தோண்டுவதில் பயனில்லை. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஹைதராபாத் மீது அக்கறை இருந்ததில்லை என்பது என் கட்சி.

2020இல் பி.கே.யும் சுனியும் ஆறு வாரத்துக்குள் அடுத்தடுத்துப் போனார்கள். 2023 பிப்ரவரி 16 அன்று பலராம் கொல்கத்தாவில் காலமானார்.

இறுதியாட்டம் அடுத்த வாரம், நிச்சயம். தலையில் அடிபட்ட ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பிய சாயபின் துணிச்சலில் இருந்து தொடங்குவோம்.