கோழியைக் கேட்ட கூண்டு

முட்டைக்கோழிகளை அடைக்கும் கம்பிக் கூண்டு 1930களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியபோது, பண்ணையாளர்களுக்கு அது பெரிய விடிவாகவே தெரிந்தது. அதுவரை தரையில் வளர்ந்த கோழிகள் தங்கள் எச்சத்தின் மேலேயே நடந்து, அதையே கொத்தி, இரத்தக் கழிச்சல் கண்டு மடிந்தன. கூண்டில் எச்சம் கம்பி வழியே கீழே விழுந்துவிடும். தரை சற்றுச் சரிவாக இருப்பதால், இட்ட முட்டை உருண்டு முன்பக்கத் தட்டுக்கு வந்து சேரும். எந்தக் கோழி முட்டையிடுகிறது, எது தீவனத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அந்தக் கூண்டைச் செய்தவர்கள் கொடுமை செய்ய நினைத்தவர்கள் அல்ல. கோழிக்கு அதில் எப்படி இருக்கும் என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எழவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கூண்டு பிரிட்டனில் வேகமாகப் பரவியது. ஒரு கோழிக்கென்று செய்த கூண்டில் மூன்று, நான்கு கோழிகள் அடைபட்டன. அடுக்கடுக்காகக் கூண்டுகள் ஏறின, விளக்கொளியே பகலாயிற்று. 1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ என்ற நூல், சன்னல் இல்லாத அந்தக் கொட்டகைகளுக்குள் நடப்பதை ஊரறியச் செய்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் பூச்சிக்கொல்லிகளின் கேட்டை உலகுக்குச் சொன்ன ரேச்சல் கார்சன். எழுந்த கொந்தளிப்பைக் கண்ட பிரிட்டன் அரசு, விலங்கியல் பேராசிரியர் ராஜர்ஸ் பிராம்பெல் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

1965இல் வந்த அந்தக் குழுவின் அறிக்கையில்தான் கூண்டு முதன்முறையாக விசாரணைக் கூண்டில் ஏறியது. ‘துன்பப்படுகிற கோழி இவ்வளவு முட்டை இடுமா?’ என்பது பண்ணைத் தொழிலின் வாதம். விளைச்சல் மட்டுமே நலத்துக்குச் சான்றாகாது என்று குழு சொன்னது. எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைக் கோதிக்கொள்ள, கால்களை நீட்ட எந்த விலங்குக்கும் இடம் வேண்டும் என்றது. விலங்கு நலத்துக்கென இன்று உலகெங்கும் பேசப்படும் ‘ஐந்து சுதந்திரங்கள்’ இந்த வரியிலிருந்து கிளைத்தவை. தரையைப் பற்றியும் குழு ஒரு பரிந்துரை செய்தது: அறுகோணக் கண்கள் கொண்ட மெல்லிய கம்பிவலை கோழிக் காலுக்கு வலிக்கும்; கனமான கம்பிகளால் ஆன தரையே நல்லது.

எடின்பரோவின் கோழி ஆராய்ச்சி மையத்தில் இருந்த பேரி ஹியூஸும் ஏ. ஜே. பிளாக்கும் அந்தப் பரிந்துரையைக் கோழிகளிடமே கொண்டுபோனார்கள். பலவகைத் தரைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கோழி எதில் அதிக நேரம் நிற்கிறது என்று பார்த்தார்கள். 1973இல் வெளியான முடிவு அறிஞர்களைத் திகைக்க வைத்தது. குழு ஒதுக்கச் சொன்ன மெல்லிய வலையைத்தான் கோழிகள் விரும்பின. அந்த வலை பாதத்தை அதிகப் புள்ளிகளில் தாங்குகிறது என்பது பிறகு விளங்கியது. பரிவோடு சொன்ன மனிதர்களின் கணிப்பும் தவறலாம். பதில் கோழியிடம் இருக்கிறது. இந்த ஆய்வோடு கூண்டு ஓர் ஆய்வுக் கருவியாக மாறியது.

அந்தக் கருவியைக் கூர்மையாக்கியவர் ஆக்ஸ்போர்டின் மேரியன் ஸ்டாம்ப் டாக்கின்ஸ். விலங்கு நடத்தையியலின் முன்னோடியான நிகோ டின்பெர்கனிடம் பயின்றவர். ஒரு பக்கம் கூண்டு, மறுபக்கம் திறந்தவெளி என இரண்டையும் வைத்துக் கோழிகளைத் தேர்ந்தெடுக்க விட்டார். வெளியில் வளர்ந்த கோழிகள் உடனே வெளியை நாடின. கூண்டிலேயே வளர்ந்தவை முதலில் கூண்டுக்குள்தான் போயின. அங்கேயே ஆய்வை முடித்திருந்தால், ‘கோழிக்குக் கூண்டே பிடிக்கிறது’ என்று எழுதியிருக்கலாம். ஆனால் சில முறை வெளியைப் பார்த்த பிறகு அவையும் வெளிப்பக்கம் திரும்பின. பழக்கத்தை விருப்பம் என்று எண்ணிவிடக் கூடாது என்ற இந்தப் பாடத்தைப் பெரிதாகவே மதிக்க வேண்டும். கேட்பது எளிது, நேர்மையாகக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். இன்னொரு சோதனையில், பெரிய கம்பித் தரைக் கூண்டை விட்டுவிட்டு, சீய்க்கவும் புரளவும் உமி, தூள் போன்ற பரப்பு உள்ள சிறிய கூண்டைக் கோழிகள் தேர்ந்தன. இடத்தைவிடக் காலடியில் கிளறுவதற்கு ஏதாவது இருப்பது அவற்றுக்குப் பெரிதாக இருந்தது.

விருப்பம் எவ்வளவு ஆழமானது என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஆய்வாளர்கள் விலை வைத்தார்கள். முட்டையிடும் பெட்டிக்குப் போகும் கதவைக் கனமாக்கினால், முட்டையிடும் நேரம் நெருங்கிய கோழி அதை முட்டி மோதித் தள்ளிக்கொண்டு போனது. பசித்த கோழி தீவனத்துக்குப் படும் பாட்டோடு ஒப்பிடும் அளவுக்கு உழைத்தது. இரவில் ஏறி உட்காரும் கம்புக்காகவும் கோழிகள் இப்படிக் கதவைத் தள்ளின. இவற்றின் மூதாதையான காட்டுக்கோழி மறைவில் முட்டையிடுவது, இருட்டியதும் மரக்கிளை ஏறுவது, புழுதியில் குளிப்பது எல்லாம் பண்ணைக் கோழியின் உடம்பில் இன்னும் இருக்கின்றன. புழுதியே இல்லாத வெறும் கம்பியின் மேலும் கோழி படுத்துப் புழுதிக் குளியலின் அசைவுகளைச் செய்து பார்க்கிறது.

1989இல் டாக்கின்ஸும் சகாவும் கோழியை மேலிருந்து படமெடுத்து அளந்தார்கள். சும்மா நிற்கவே சராசரியாக 475 சதுர செ.மீ. வேண்டும், திரும்ப 1,272, சிறகடிக்க 1,876. அப்போது ஐரோப்பியச் சட்டம் ஒரு கோழிக்கு உறுதி செய்த இடம் 450. ஓர் ஏ4 தாளைவிடச் சிறிய இடம் அது. அசையாத உடம்பில் எலும்பும் தேயும். ஓடு செய்யச் சுண்ணாம்புச் சத்தை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் கோழிக்கு அது இரட்டைச் சுமை.

அதன்பின் கூண்டு சட்டமன்றங்களுக்குப் போனது. சுவிட்சர்லாந்து 1990களின் தொடக்கத்திலேயே அதற்கு விடை கொடுத்து அனுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் ஆணையிட்டு, 2012 ஜனவரி 1 முதல் வெறுங்கூண்டைத் தடை செய்தது. கூண்டு வேண்டுமென்றால் கோழிக்கு 750 சதுர செ.மீ., முட்டைப் பெட்டி, உட்காரும் கம்பு, சீய்க்கப் பரப்பு எல்லாம் இருக்க வேண்டும். கோழி கேட்டவை சட்டத்தில் இடம்பிடித்தன.

கூண்டைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது. பெரிய கூட்டமாகத் தரையில் திரியும் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். கம்பிலிருந்து விழுந்து மார்பெலும்பை முறித்துக்கொள்ளும். இவற்றுக்கும் விடை தேட வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமத்தைக் காரணம் காட்டிப் பழைய கூண்டுக்குத் திரும்புவதுதான் தவறு.

கூண்டின் பயணம் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. பள்ளிச் சத்துணவுக்கும் கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லின் பண்ணைகளில் கோழிகள் பெரும்பாலும் கூண்டில்தான் இருக்கின்றன. நியாயமாக அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம் என்று 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி வளர்ப்புக்கு விதிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பல ஆண்டுகளாகச் சிறு லாபத்தில் இத்தொழிலைக் கட்டி எழுப்பிய பண்ணையாளர் தலையில் மட்டும் கூண்டை மாற்றும் செலவைக் கட்டுவது நியாயமில்லை. மலிவான முட்டையால் புரதம் பெற்ற நாம் எல்லோரும் அதில் பங்கு கொடுக்க வேண்டும்.

குளிர்நாட்டு விடையை அப்படியே கொண்டுவந்து வைத்தாலும் போதாது. வெயிலில் கோழி சிறகை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. நெருக்கத்தில் அதற்கும் வழியில்லை. கொங்கு நாட்டுச் சித்திரையில் அது எதற்காகக் கதவைத் தள்ளும்? நிழலுக்கா, குளிர்ந்த தண்ணீருக்கா, புழுதிக்கா? நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அனுபவமுள்ள பண்ணையாளர்கள் இருக்கிறார்கள். கேட்கும் முறையை ஐம்பது ஆண்டு அறிவியல் கற்றுத் தந்திருக்கிறது. இந்தக் கேள்வியை நம் கோழிகளிடம் நாமே கேட்டு, வரும் பதிலுக்கு ஏற்பக் கூண்டை மாற்றுவது நம் கடமை.