ஒல்லாந்தர் விட்டுச் செல்லாத ஊசி

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் வழக்குச் செய்திகளுக்காகப் புதுக்கடைக்கு நாள்தோறும் வந்துபோனவன் நான். ஓய்வுபெற்ற பின்னர் அந்த நீதிமன்றங்களுக்கு அண்மையிலேயே குடியிருக்க நேர்ந்தது. கறுப்பு அங்கிகளுடன் சட்டத்தரணிகள் விரையும் வீதிகளுக்குப் பின்னால் ஒடுங்கிய ஒழுங்கைகளும் நெருக்கமாகக் கட்டப்பட்ட சிறு வீடுகளும் இருக்கின்றன. எழுதத் தெரிந்தவன் என்ற காரணத்தால் அயலவர்கள் விண்ணப்பம், கடிதம், அறிவித்தல் என்று ஏதாவது ஒன்றுக்காக என்னை நாடி வருவதுண்டு.

சில மாதங்களுக்கு முன்னர் அவ்வாறு வந்தவர் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு பெண்மணி. கையில் ஒரு பிஸ்கட் பேணி. திறந்து காட்டினார். உள்ளே நூலால் பின்னிய காதணிகள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் கருஞ்சிவப்பு. நாணயமொன்றினும் சற்றே பெரிய வட்டப் பூக்கள்.

“வெள்ளவத்தையில ஒரு கடையில வைக்கக் கேட்டிருக்கினம் ஐயா. ஒரு சின்ன அட்டை எழுதித் தாங்கோ. ஒல்லாந்தர் காலத்துக் கலை எண்டு போட்டால் நல்லாப் போகுமாம்” என்றார்.

எழுதிக் கொடுத்திருக்கலாம். இரண்டு வரி வேலைதான். ஆயினும் ஐம்பது ஆண்டுப் பழக்கம் விடவில்லை. உண்மைதானா என்று பார்க்காமல் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை அல்லவா? இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

ஒல்லாந்தரின் பெயர் நினைவுக்கு வருவதற்குப் புதுக்கடையைவிடப் பொருத்தமான இடம் கொழும்பில் இல்லை. 1656இல் கொழும்பு முற்றுகையின்போது கொல்லப்பட்ட ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ஃப்ட் என்பவரின் பெயரால் இப்பகுதியை ஆங்கிலத்தில் ஹல்ஸ்டொப் என்கின்றனர். நமக்கு அது புதுக்கடை. சிங்களவருக்கும் அதே பொருளில் அளுத்கடை. தளபதியின் பெயர் ஆவணங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் தங்கிவிட்டது. சனங்களின் வாயில் கடையே நிலைத்தது.

ரேந்தை என்ற சொல்லை நம்மவர் அனைவரும் அறிவர். சட்டைக் கழுத்திலும் தலையணை உறையின் ஓரத்திலும் அம்மாமார் வைத்துத் தைத்த அதே ரேந்தைதான். ‘ரெண்டா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து தமிழுக்கும் சிங்களத்துக்கும் வந்தது அது. காலியிலும் வெலிகமவிலும் இன்றும் பெண்கள் செய்யும் பீரலு ரேந்தை அந்த மரபைச் சேர்ந்தது. ஒரு தலையணையில் மாதிரியைக் குத்தி, பல மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் காலத்திலும் தழைத்த கலை அது என்பர்.

நமது அயலவரின் காதணியோ வேறு வகை. இதற்குத் தலையணையும் இல்லை, மரக்கட்டைகளும் இல்லை. முனை வளைந்த ஓர் ஊசி, ஒரு நூற்பந்து, இரண்டு கைகள், அவ்வளவே. இதனைக் குரோஷே என்கிறோம். சிறு கொளுக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. அச்சில் வெளிவந்த மிகப் பழைய குரோஷே மாதிரிகள் 1820களில் ‘பெனெலொபே’ என்ற மாதர் சஞ்சிகையில் காணப்படுகின்றன. அது ஒல்லாந்து நாட்டுச் சஞ்சிகை என்பது ஒரு வேடிக்கை. ஏனெனில் ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் இழந்தது 1796இல். அவர்கள் கப்பலேறிய பின்னரே இந்தக் கலை அவர்களுடைய ஊரிலேயே அச்சேறியது. எனவே நம் நாட்டுக்கு அது ஆங்கிலேயர் காலத்தில் வந்திருக்கவேண்டும் என்றே கொள்ளத் தோன்றுகிறது. கடைக்காரர் சொன்ன அட்டை வாசகம் இத்துடன் அடிபட்டுப்போனது.

ஆயினும் புரட்டிய புத்தகங்கள் வேறொன்றைக் காட்டின. அந்தப் பூ ஏன் அவ்வளவு சிறிதாக இருக்கிறது என்பதே அது.

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அப்போது கோர்க் நகரை அடுத்த உர்சுலைன் கன்னியர் மடத்திலும், குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவியான கசாண்ட்ரா ஹாண்ட் அம்மையாரின் முயற்சியாலும், ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பிக்கப்பட்டது. ஒரு பெரிய ரேந்தைத் துணியைப் பின்ன நெடுநாள் செல்லும்; அதுவரை வயிறு காத்திராது. ஆகவே வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒருத்தி ரோசாப்பூ மட்டும், இன்னொருத்தி இலை மட்டும். பின்னர் அவை சங்கிலிக் கண்ணி வலையால் ஒன்றாக இணைக்கப்பட்டன. சில குடும்பங்கள் தமக்கெனக் கைவந்த பூவைப் பிறர் பார்க்காதபடி பேணிவந்தன. அந்தப் பூவே அக்குடும்பத்தின் அரிசிப்பானை.

தெலுங்கு நாட்டின் நரசாபூரிலும் நடந்தது இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் மூலம் அங்கு சென்ற குரோஷே, பின்னர் பெரும் ஏற்றுமதித் தொழிலாயிற்று. சில பெண்கள் பூக்களை மட்டும் பின்னுவர். வேறு சிலர் அவற்றை ஒட்டுவர். வியாபாரி நூலைக் கொடுத்து ரேந்தையை வாங்கிக்கொள்வார். ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் இப்பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. நாளில் பல மணித்தியாலம் பின்னிய அப்பெண்கள் தொழிலாளர் என்று கணிக்கப்படவில்லை. வீட்டில் ‘சும்மா இருப்பவர்கள்’ ஓய்வு நேரத்தில் செய்வது என்றே அவ்வேலை மதிக்கப்பட்டது. கூலி குறைந்தமைக்கு அந்த எண்ணமே வசதியாயிற்று என்பது அவர் காட்டிய உண்மை. 2024இல் நரசாபூர் ரேந்தைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு மதிப்பு வந்தது மகிழ்ச்சியே. விரல்களுக்கும் வரவேண்டும்.

ஊசி வேலைக்கு உரிய கூலி கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கும் தமிழ் மண்ணிலேயே சான்றுண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மோல்ட் அம்மையார் 1820களில் ரேந்தைப் பின்னல் கற்பித்தார். அது தலையணை ரேந்தை, குரோஷே அன்று. அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. ரேந்தை விற்ற பணத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அம்மையாரின் மகள் எலைசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெலின் மனைவியாகி, அக்கலையை இடையன்குடிக்கு எடுத்துச் சென்றார்.

தவணை முடிந்து அந்தப் பெண்மணி வந்தபோது, ஒரு பூவை என் முன்னிலையில் பின்னிக் காட்டும்படி கேட்டேன். கதிரையின் விளிம்பில் அமர்ந்து தொடங்கினார். ஆறு சங்கிலிக் கண்ணிகள். அவற்றைக் கோத்து ஒரு வளையம். வளையத்துக்குள் மஞ்சள் நூலில் பன்னிரண்டு நெடுங்கண்ணிகள். பன்னிரண்டாவது கண்ணியின் கடைசி இழுப்பை மஞ்சளில் இழுக்காமல் சிவப்பில் இழுத்தார். “இதை மறந்தால் மஞ்சள் சிவப்புக்குள்ள எட்டிப் பார்க்கும் ஐயா” என்றார். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு, ஆக இருபத்துநான்கு. குறைந்தால் பூ கிண்ணமாகக் குவியும். கூடினால் ஓரம் சுருக்கு விழும். மிஞ்சிய நூல்முனைகளைப் புதிய கண்ணிகளுக்குள் வைத்தே மூடிப் பின்னினார். பின்னர் கஞ்சியில் தோய்த்து, குண்டூசி குத்திக் காயவைத்து, கொளுக்கி கோக்கவேண்டும். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். காயும் நேரம் நீங்கலாக, ஒரு சோடிக்கு ஒன்றேகால் மணித்தியாலம்.

“கடைக்காரர் எவ்வளவு தருவதாகச் சொன்னார்?”

சொன்னார். நூலின் விலைக்குமேல் அதிகமில்லை.

இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் செட்டியார் தெரு. அங்கே நகைக்கு எடை பார்த்து, சேதாரம் சேர்த்து, செய்கூலியையும் தனியே எழுதுவார்கள். நூற்காதணிக்கு எடையில்லை, சேதாரமில்லை. அதில் இருப்பது முழுவதும் செய்கூலி. அதைத்தான் கடைக்காரர் கணக்கில் எடுக்கவில்லை. அவர் கெட்டவர் அல்லர். புறக்கோட்டை நடைபாதையில் குவித்து வைத்திருப்பதைப் போல இதுவும் இயந்திரச் சரக்கின் விலைக்கு இறங்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆனால் குரோஷே போலத் தோன்றும் துணியை இயந்திரம் நெய்யுமே தவிர, உண்மையான குரோஷேயைப் பின்னும் இயந்திரம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்கு இன்னும் வரவில்லை. நடைபாதையில் மலிவாகக் கிடக்கும் உண்மையான குரோஷேப் பூவும் எங்கோ ஒரு பெண்ணின் விரல் வழியே வந்ததுதான்.

நானும் ஆரம்ப காலத்தில் அங்குலக் கணக்கில் கூலி பெற்ற நிருபன். செய்தி தேடி நடந்த நடையை எவரும் அளந்ததில்லை. அச்சில் வந்த பத்தியின் நீளத்தை மட்டும் அளந்தனர். அதனால் இந்தக் கணக்கு எனக்குப் புதிதாகப் படவில்லை.

அட்டையில் ஒல்லாந்தரை எழுதவில்லை. “கையால் பின்னியது. ஒரு சோடிக்கு ஒன்றேகால் மணித்தியாலம்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். விலையை அவரே கணக்கிட்டு, முன்னர் சொன்னதன் மும்மடங்காகப் போட்டார்.

கேட்ட கடை அந்த அட்டையை ஏற்கவில்லை. காலி வீதியில் வேறொரு கடை ஆறு சோடிகளை வைத்துப் பார்க்கச் சம்மதித்தது. சென்ற வாரம் பேணியுடன் மீண்டும் வந்திருந்தார். நான்கு விற்றிருந்தன. ஒரு பெண் அட்டையை இரண்டு முறை வாசித்துவிட்டு, விலை பேசாமலே காசைக் கொடுத்தாராம். இன்னும் பத்து அட்டைகள் வேண்டுமென்று கேட்டார். உட்கார்ந்து எழுதினேன்.