விளம்பரத்தைப் பிரிச்சு மேயறது எப்படி? - ஒரு குட்டி வரலாறு

'ஸ்டீரியோடைப்'னு நாம சர்வசாதாரணமா சொல்றோமே, அது முதல்ல அச்சுக்கூடத்துல புழங்கின வார்த்தை. எழுத்தெழுத்தா கோர்த்த பக்கத்தை அப்படியே வார்ப்பெடுத்து ஒரே உலோகத் தகடா ஆக்கிடுவாங்க. அப்புறம் எத்தனை ஆயிரம் பிரதி வேணும்னாலும் அடிக்கலாம், நடுவுல ஒரு எழுத்தை மாத்தறது பெரும்பாடு. (பொட்டி தட்டுற ஆளுங்க பாஷையில சொன்னா ஹார்ட்கோடிங்!) 1922ல வால்டர் லிப்மன்ங்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர்தான் நம்ம மண்டைக்குள்ள இருக்கிற ரெடிமேட் படங்களுக்கு இந்தப் பேரை வெச்சார்.

சரி, விளம்பரத்துல வர இந்த ரெடிமேட் படங்களைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடத்துல எப்போ சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சாங்க? ரொம்ப சுத்தித்தான் அங்க வந்து சேர்ந்திருக்காங்க.

1933ல இங்கிலாந்துல லீவிஸ், டெனிஸ் தாம்ப்சன் ரெண்டு பேரும் ஆசிரியர்களுக்காக ஒரு புத்தகம் போட்டாங்க. விளம்பரங்களை வகுப்புல அலசறதுக்கு அதுல பயிற்சிகள் உண்டு. ஆனா அவங்க கவலையெல்லாம் மலிவான மொழி பிள்ளைங்க ரசனையைக் கெடுக்குதேங்கிறதுதான். படத்துல யாரை எப்படிக் காட்டறாங்கங்கிறது அவங்களுக்கு முக்கியமா படலை.

அடுத்து 1937, நியூயார்க். கிளைட் மில்லர்ங்கிற பேராசிரியர் பிரச்சார ஆய்வுக்குன்னு ஒரு நிறுவனமே தொடங்கினார். காசு கொடுத்தது பாஸ்டன்ல பெரிய கடை வெச்சிருந்த எட்வர்ட் ஃபைலீன். (விளம்பரம் இல்லாம கடை நடத்த முடியாத மனுஷன்! :-)) பிரச்சாரத்துல ஏழு தந்திரம் இருக்குன்னு பட்டியல் போட்டு பள்ளிகளுக்கு அனுப்பினாங்க. 'எல்லாரும் வாங்கறாங்க, நீயும் வாங்கு', 'பிரபலம் சொல்றார், நம்பு' இந்த மாதிரி. 1942ல கடையைச் சாத்திட்டாங்க. நாடே போர்ல இறங்கின நேரத்துல, பிரச்சாரத்தைச் சந்தேகப்படுன்னு பசங்களுக்குச் சொன்னா யாருக்குப் பிடிக்கும்?

எனக்கு இதுல உறுத்தறது வேற. அந்தப் பட்டியல் 'உன்னை எப்படி ஏமாத்தறாங்க?'ன்னு கேக்குது. துணி துவைக்கிற அம்மாவைக் காட்டற விளம்பரத்துல எந்த வரியும் பொய் இல்லையே? சோப்புத்தூள் வெளுக்கத்தான் செய்யுது. அப்போ எதை வெச்சுப் பிடிக்கறது?

இதுக்கு வழி சொன்னது எர்விங் காஃப்மன்ங்கிற சமூகவியலாளர். 1970கள்ல நூத்துக்கணக்கான விளம்பரப் படங்களைக் கத்தரிச்சு வகைவகையா பக்கத்துல பக்கத்துல அடுக்கினார். தனித்தனியா பாத்தா ஒண்ணும் தெரியாது. சேத்துப் பாத்தா, ஆண் உயரமா நிக்கிறான், பெண் தலை சாய்ச்சுக்கிறா, பொருளைப் பிடிக்காம விரல் நுனியால தடவறா. அப்புறம் ஒரு எளிய சோதனை சொன்னார்: ஆணையும் பெண்ணையும் இடம் மாத்திக் கற்பனை பண்ணு. உனக்குச் சிரிப்பு வந்தா தகடு அங்கதான் இருக்கு. என்னைக் கேட்டா ஏழு தந்திரத்தையும் விட இது ஒசத்தி, பத்து வயசுப் பிள்ளையும் செய்யும். 1979ல ஜீன் கில்போர்ன் இதே மாதிரி படங்களை அடுக்கி எடுத்த குறும்படம் கல்லூரி கல்லூரியா ஓடிச்சு. 1987ல கனடாவோட ஒண்டாரியோ மாகாணம் ஊடகப் பாடத்தை உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத்துலயே கட்டாயமா சேத்துது.

நம்ம ஊர் சரக்குல போட்டுப் பாப்போமா? 1975ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி. ஒரு விளம்பரத்துல அப்பா 'ஒரு பையன் இருந்திருந்தா'ன்னு ஏங்குவார். பொண்ணு க்ரீம் பூசி, வெளுத்து, விமானப் பணிப்பெண் ஆயிடுவா. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் புகார் கொடுத்துப் போராடி, 2003ல அது திரையை விட்டுப் போச்சு. அந்த இடத்துல ஒரு பையனை வைங்க: நிறம் கம்மியா இருக்கறதால மகனுக்கு வேலை கிடைக்கலைன்னு ஒரு அப்பா அழறார். காமெடி ட்ராக் மாதிரி இல்ல? (2005ல ஆம்பளைங்களுக்கும் தனி க்ரீம் வந்துடுச்சு. சமத்துவம்!)

2014ல விளம்பரத் தர கவுன்சில், கறுத்த தோல்காரங்களை அழகில்லாதவங்களா, சோகமா காட்டக்கூடாதுன்னு விதி போட்டுது. 2020ல 'ஃபேர்' போய் 'க்ளோ' ஆச்சு. ஆனா தமிழ் விளம்பரங்கள் பரப்பின 'சிவப்பழகு'ங்கிற வார்த்தை? கல்யாண வீட்டுல 'பொண்ணு நல்ல சிவப்பு'ன்னு இன்னும் காதுல விழுது.

போன மாசம் அக்கா பொண்ணுகிட்ட (ஆறாவது படிக்கிறா) இந்த இடமாத்தற விளையாட்டைச் சொன்னேன். மசாலா விளம்பரத்துல அப்பா சமைச்சு அம்மா சாப்பிடற மாதிரி மாத்திப் பாத்துட்டு அவ சிரிக்கவே இல்லை. "இதுல என்ன மாமா இருக்கு, நம்ம வீட்டுல அப்படித்தானே?"ன்னா. நிஜம்தான், அத்தான் சமையல் அப்படி!