சாமியார் இல்லாத காலத்துக் கோவில்

1544 செப்டம்பர் 5 அன்று ஆலந்தலையிலிருந்து பிரான்சிஸ் சவேரியார் அவசர அவசரமாக ஒரு கடிதம் எழுதினார். புன்னைக்காயலில் இருந்த தன் உதவியாளர் பிரான்சிஸ்கோ மான்சில்லாசுக்கு. அதில் உபதேசம் எதுவும் இல்லை. தூத்துக்குடியில் போர்த்துக்கீசியக் கேப்டனின் வீடும் கப்பலும் வடுகர் படை வைத்த தீயில் எரிந்துவிட்டன, மனுஷன் தப்பித் தீவில் கிடக்கிறார், படகுகளில் குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு உடனே போங்கள் என்பதுதான் செய்தி. கோஸ்மே டி பைவா என்ற அந்தக் கேப்டன் மேல் சவேரியாருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. வடுகருக்கே குதிரை விற்றுக் காசு பார்த்தவர் என்பது அவர் மேல் இருந்த புகார். இருந்தாலும் தண்ணீர் போகவேண்டும், அதற்குப் படகு வேண்டும். படகு இந்தக் கரையின் மீனவர்களான பரதவர்களிடம்தான் இருந்தது.

இந்தக் கரையில் திருச்சபை என்ன வேலை செய்தது என்பதை அந்த ஒரு கடிதமே முக்கால்வாசி சொல்லிவிடுகிறது. செபம் ஒரு பக்கம் இருக்க, படைக்குப் பயந்து ஓடுகிறவர்களுக்கு வழி செய்வது, அதிகாரியோடு மல்லுக்கட்டுவது, ஊர்த் தலைவர்களைக் கூப்பிட்டு வேலை ஏவுவது எல்லாம் தொடக்கத்திலிருந்தே சாமியாரின் தலையில் வந்து விழுந்தன.

ஆலந்தலை திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டுக்குப் போகிற கரையில் இருக்கிறது. வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு ஆகிய ஊர்களோடு சேர்த்து ‘ஏழூர்’ என்று பரதவர் எண்ணுகிற துறைகளில் ஒன்று. முத்துக்குளிப்பும் மீன்பாடும்தான் அந்தக் காலத்துப் பிழைப்பு.

இந்த ஊர்கள் கிறிஸ்தவத்துக்கு வந்தது எந்தப் பிரசங்கத்தையும் கேட்டு அல்ல. 1530களில் முத்துச் சலாபத்தின் பேரில் முஸ்லிம் வணிகர்களோடு ஏற்பட்ட பகை ரத்தக்களரியில் முடிந்தது. அப்போது லிஸ்பன் வரை போய்வந்த மலபார்க் குதிரை வியாபாரி ஜோவான் டா குருஸ் ஒரு யோசனை சொன்னார்: போர்த்துக்கீசியரிடம் போங்கள், ஞானஸ்நானம் வாங்குங்கள், கடலில் அவர்கள் காவல் கிடைக்கும். ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போனார்கள். 1536, 37 வாக்கில் சாதியே திரண்டு தண்ணீர் வாங்கியது. சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மதம் மாறியதா, உடன்படிக்கை செய்ததா என்று இன்று பிரித்துப் பார்ப்பது நம் வசதிக்காகத்தான். அந்தப் பட்டங்கட்டிகளுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

உடன்படிக்கைப்படி காவல் வந்தது. 1538இல் வேதாளைக் கரையில் மார்ட்டிம் அஃபோன்சோ டி சோசாவின் படை எதிரிக் கப்பல்களை முறியடித்தது. வராமல் போனது சாமியார்தான். 1542 அக்டோபரில் சவேரியார் வந்து இறங்கியபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர இந்த மக்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை. பூசை வைக்கவும் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை, நிலமோ வறண்ட நிலம், அதனால் போர்த்துக்கீசியர் யாரும் அங்கே குடியிருப்பதில்லை என்று 1542 அக்டோபர்க் கடிதத்தில் அவரே எழுதுகிறார்.

அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு தெருவில் இறங்கினார். பிள்ளைகளை நாளுக்கு இரண்டு முறை கூட்டினார். படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஆனால் ஓர் ஊரில் ஒரு மாதம் இருந்தால் அடுத்த ஊர் காத்துக்கிடக்கும். எனவே ஊர் ஊராகக் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லவைப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, கலியாணத்துக்குத் தடை உண்டா என்று விசாரிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கோவிலை அன்றாடம் நடத்தியவர்கள் அவர்கள்தான்.

அவர்களுக்குச் சம்பளம் கொடுத்த கதை இன்னும் ருசியானது. இந்தக் கரையின் வரிப்பணத்தில் 4,000 பணம் போர்த்துக்கீசிய அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதைக் கணக்கப்பிள்ளைகளுக்குத் திருப்பிவிடும்படி சவேரியார் கேட்டு வாங்கினார். பரதவன் மூச்சடக்கி எடுத்த முத்தின் காசு, லிஸ்பனுக்குப் போகவேண்டியது, பாதி வழியில் மறித்து ஊருக்கே திரும்பியது. சவேரியாரின் புதுமைகள் என்று இந்தக் கரையில் எத்தனையோ சொல்வார்கள். அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்கலாம்.

எல்லாம் இனிப்பாக இல்லை. சாராயம் குடிக்கும் பெண்களைக் காட்டிக்கொடுப்பவருக்கு ஒரு பணம் பரிசு, குடித்தவளுக்கு மூன்று நாள் சிறை என்றும் அவர் உத்தரவு போட்டிருக்கிறார். சாமி சிலைகளை உடைக்கப் பிள்ளைகளையே அனுப்பியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஊரே ஊரை உளவு பார்க்கும் பழக்கமும் கோவிலோடு சேர்ந்துதான் வந்தது.

அவருக்குப் பின் புன்னைக்காயலை மையமாக வைத்து வேலை செய்த அன்றிக்கே அன்றிக்கஸ் பாதிரியார் தமிழை இலக்கணத்தோடு கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று நம் கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல். அச்சுச் செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் பரதவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கணக்கப்பிள்ளை கையில் அச்சடித்த செபம் இருந்தால், சாமியார் வராத மாதத்திலும் ஊர் தடுமாறாது.

அந்த ஏற்பாட்டுக்கு அடுத்த நூற்றாண்டில் சோதனை வந்தது. 1640களில் திருச்செந்தூர் முருகன் கோவிலுக்குள் புகுந்து கூடாரம் அடித்த டச்சுக்காரர்கள், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். பால்தேயஸ் போன்ற சீர்திருத்தச் சபைப் போதகர்கள் வந்து பேசிப் பார்த்தார்கள். பரதவர் மசியவில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க உள்நாட்டில் பதுங்கியிருந்த குருக்களைத் தேடிப் போனார்கள். முத்துக்குளிக்க ஆள் வேண்டுமே என்ற கவலையில் டச்சுக் கம்பெனியும் நாளடைவில் கண்டுகொள்ளாமல் விட்டது. 1750இல் டச்சுக்காரர் தூத்துக்குடியில் கட்டிய கோவில் இன்றும் நிற்கிறது. ஏழூர்க்காரர்களை மட்டும் அதற்குள் இழுக்க முடியவில்லை. இதை வெறும் பக்தி வைராக்கியம் என்று சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மை. பட்டங்கட்டி, சாதித் தலைவன், கணக்கப்பிள்ளை என்று ஊரின் அதிகாரம் முழுவதும் கோவிலோடு பின்னிக் கிடந்தது. கோவிலை விட்டால் ஊர் கலைந்துவிடும்.

அதே பின்னல் பிறகு சாமியார்களுக்கே தலைவலியானது. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு 1806இல் தங்கத்தேர் செய்து ஓட்டியது சாதித் தலைவன். 1838இல் மதுரை மிஷனுக்குத் திரும்பிவந்த பிரெஞ்சு இயேசு சபையினருக்கு, திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, கோவில் சாவி யார் கையில் என்பதிலெல்லாம் ஊரோடும் கோவாக் குருக்களோடும் ஓயாத வழக்கு. இறுதியில் 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்த பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் பரதவர் வீட்டுப் பிள்ளை. இந்தியாவின் முதல் சுதேசி லத்தீன் ஆயர் என்று அவரைச் சொல்வார்கள்.

சாதித் தலைவனின் செல்வாக்கு தேய்ந்தது. கோவில் மட்டும் ஊர் நடுவில் அப்படியே இருக்கிறது. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. கொடியேற்றம், நவநாள், சப்பரம் என்று ஆண்டுக் கணக்கைக் கோவில்தான் வகுக்கிறது. வலைத் தகராறோ, பக்கத்து ஊரோடு கைகலப்போ, அலை கரையை அரிக்கிறது என்று தூண்டில் வளைவு கேட்டுக் கலெக்டரைப் பார்க்கப் போவதோ, கூட்டம் கூடுவது கோவில் முற்றத்தில். ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’ நாவலில் காகு சாமியாரை அத்தனை பெரிய உருவாகப் படைத்ததற்குக் காரணம் அவருடைய பூசை மட்டும் அல்ல. கமிட்டிக்காரர்கள் பேசுவார்கள், சாமியார் நடுவில் உட்கார்ந்து கேட்பார். சாமியார் மாற்றலாகிப் போய்விடுவார், புதியவர் வருவார். கமிட்டிக்காரர்கள் அதே ஊரில் இருப்பார்கள்.